மூளை ஒரு பத்தி, உடம்பு ஒரு பத்தி

டில்லிபாபுவைப் பற்றி 'எல்லைக்கோடு' சேனல் எடுத்த வீடியோ ஆறு நிமிடம் ஓடியது. அதில் நான்கு நிமிடம் அவன் மீன்வலை இழுத்துக்கொண்டிருந்தான்.

வலை அவனுடையது அல்ல. படகும் அவர்கள் வீட்டுப் படகு அல்ல. ஊரூர்க் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவன்தான் என்றாலும், படகில் ஏறினால் டில்லிக்கு வாந்தி வரும். பன்னிரண்டு வயதில் அப்பாவோடு ஒரே ஒரு முறை கடலுக்குப் போனான். கரை திரும்பும்வரை படகின் விளிம்பில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தான். அதன் பிறகு அப்பா அவனைக் கூப்பிடவே இல்லை. அம்மா ரத்னா பெசன்ட் நகரில் மீன் விற்றாள். டில்லி மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. புள்ளியியல் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தான். சனி, ஞாயிறுகளில் அடையாறு அணிக்காக வலது ஓரத்தில் கால்பந்து ஆடினான்.

அந்த லீக் ஆட்டங்களை யூடியூபில் காட்டியது 'எல்லைக்கோடு'. சேனலை நடத்தியவரும் வர்ணனை செய்தவரும் ஒருவரே. கனகராஜ் என்று பேர். குரல் அப்படி இருக்கும். டீக்கடையில் போனை மேசைமேல் வைத்துவிட்டுத் திரையைப் பார்க்காமலே ஆட்டம் கேட்பவர்கள் இருந்தார்கள்.

வீடியோ எடுக்க வந்த அன்று டில்லி அவரிடம் சொல்லத்தான் செய்தான். "சார், நான் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் படிக்கிறேன். எம்.எஸ்ஸி. பண்ணணும்னு கீறேன். அதையும் போடுங்க சார்."

கனகராஜ் அவன் தோளில் கை போட்டார். "அது வேணாம் தம்பி. கதை இடிக்குது. கடல், வலை, பந்து. ஜனங்களுக்கு அதுதான் மனசுல நிக்கும்."

செப்டம்பரில் வீடியோ வந்தது. 'ஏட்டைத் தூக்கி எறிந்தான், பந்தைத் தூக்கி நிறுத்தினான்' என்று பெரிய எழுத்தில் தலைப்பு. ஒரே வாரத்தில் ஆறு லட்சம் பேர் பார்த்தார்கள். ரத்னா மீன் கூடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் போனை நீட்டிக் காட்டினாள். டில்லிக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஏட்டை எப்போது எறிந்தோம் என்று ஒரு கணம் தோன்றியது. சரி, தலைப்புதானே என்று விட்டுவிட்டான்.

ஆனால் தலைப்பு அவனை விடவில்லை. கல்லூரியில் பசங்கள், "மச்சி, நீ இன்னும் கிளாசுக்கு வர்றியா?" என்று கேட்டார்கள். கேலி இல்லை, உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்கள். ஒரு பேராசிரியர் வருகைப் பதிவில் அவன் பெயரைக் கூப்பிடாமலே அடுத்த பெயருக்குப் போனார். "உனக்கென்னப்பா, ஸ்போர்ட்ஸ்மேன்" என்று நூலகத்தில் சொன்னார்கள். எல்லோரும் ஒன்றையே சொல்லும்போது, நாமும் அதுதானோ என்று ஒருவனுக்குத் தோன்றிவிடுகிறது. டில்லி காலை வகுப்புகளைத் தவறவிட ஆரம்பித்தான். ஒரு தேர்வுக்குப் போகவில்லை. எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வுக்காக எடுத்து வைத்திருந்த குறிப்புகள் அலமாரியின் மேல்தட்டுக்குப் போயின.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் பக்கத்துத் தெரு காவேரி அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாடா டில்லி, படிக்காமயே நீ பெரிய ஆளாயிட்டியாமே?"

"இன்னாக்கா ஆச்சு?"

"இன்னா ஆச்சா? எம்புள்ள மூணு வாரமா ஸ்கூலுக்குப் போறேன் போறேன்னு சொல்லிக்கினு பீச்சுல பந்து ஒதைச்சிக்கினு கீறான். கேட்டா உன் வீடியோவக் காட்றான். டில்லி அண்ணன் படிச்சாரான்னு கேக்கறான். நான் இன்னா சொல்றது?"

அவள் மகன் ராகேஷ் பிளஸ் ஒன் படிப்பவன். தாய்க்குப் பின்னால், கால் மணலைத் தட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"டேய், நான் காலேஜ் போறேன்டா. மூணாவது வருஷம்," என்றான் டில்லி.

"அத்த வீடியோல சொல்லலியேண்ணே."

"நான் சொன்னேன். அவங்க எடுத்துட்டாங்க."

ராகேஷ் விடவில்லை. "எடுத்துட்டாங்கன்னா, நீ அதுக்கப்புறம் எங்கயும் சொல்லலியே. ஷேர்தானே பண்ணே?"

காவேரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாய்க்கிழமை தவறாமல் எபோ குப்பத்துக்கு வருவான். அடையாறு அணியின் தடுப்பாட்டக்காரன், கானா நாட்டுக்காரன், சென்னையில் கடலோரப் பொறியியல் மேற்படிப்புப் படிக்கிறவன். ஒவ்வொரு வாரமும் கரையில் கம்பு நட்டு, கடல் எத்தனை அடி மணலைத் தின்றிருக்கிறது என்று அளப்பான். முதல் நாள் அவன் பெயர் எபோ என்று சொன்னதும் குப்பத்துப் பிள்ளைகள் "எப்போ? இப்போதான்!" என்று கத்திக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். அவனும் அந்தப் பதிலைக் கற்றுக்கொண்டான். யாராவது பெயர் கேட்டால், "எபோ. இப்போ இல்ல, எபோ" என்பான்.

அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்தபடி டில்லி நடந்ததைச் சொன்னான். எபோவோடு பேசுவது பாதி ஆங்கிலம், பாதி தமிழ்.

எபோ நோட்டில் எண்ணை எழுதி முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான். "என் தம்பியும் பதினைந்து வயதில் பந்தாடப் பள்ளிக்கூடத்தை விட்டான்," என்றான். "எங்கள் ஊர்ச் செய்திகளில் டாக்டர், வக்கீல், மந்திரி எல்லோரும் கறுப்புதான். ஆனால் அவன் செய்தி பார்க்கவில்லை. ஐரோப்பிய மேட்ச்தான் பார்த்தான். அதில் கறுப்பாக ஒருத்தன் வந்தால் வேகம், பலம், மிருகம் என்று சொல்வார்கள். வெள்ளையாக ஒருத்தன் வந்தால் என்ன யோசனை, என்ன கணிப்பு என்று சொல்வார்கள். தினமும் அதைக் கேட்டால் பையன் என்ன நினைப்பான்? யோசிக்கிற வேலை நமக்கு இல்லை என்றுதானே?"

"இப்ப உன் தம்பி?"

"முழங்கால் போச்சு. இருபத்திரண்டு வயசு. இந்த வருஷம் மாலைப் பள்ளியில் சேர்ந்திருக்கிறான். சின்னப் பிள்ளைகளோடு உட்கார வெட்கமாக இருக்கிறதாம். போகிறான்." எபோ சிரித்தான். "கனகராஜ் என்னை என்ன சொல்கிறார் தெரியுமா? ஆப்பிரிக்கக் காட்டுச் சிறுத்தை. எங்க ஊர்ல காடே இல்ல மச்சி. கடல்தான். எங்க அப்பாவும் மீன்தான் பிடிக்கிறார்."

அன்று வீட்டுக்குப் போய் டில்லி பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டுக் கேட்டான். படத்தைப் பார்க்கவில்லை, குரலை மட்டும் கேட்டான். அவர்கள் அணியிலேயே ஆடும் மயிலாப்பூர்க்காரன் கோதண்டபாணி நடுவில் பந்தை வாங்கினால் "சதுரங்க மூளை", "கணக்குப் போட்டுக் கொடுக்கிறார்". டில்லியோ எபோவோ சைதாப்பேட்டைப் பையன்களோ வாங்கினால் "உருக்கு உடம்பு", "ரத்தத்திலேயே ஊறியது", "அடங்காத காளை". முதலில் விரல்விட்டு எண்ணினான். விரல் போதவில்லை. ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போட்டான்.

இறுதியாண்டு ப்ராஜெக்டுக்குத் தலைப்புக் கொடுக்கக் கடைசி நாள் நெருங்கியிருந்தது. பொறுப்பாசிரியை வைதேகி அவனுக்காக ஏற்கெனவே ஒன்றைத் தயாராக வைத்திருந்தார். "போன வருஷத்து மழையளவு டேட்டா இருக்கு. சராசரி எடுத்து எழுதிக் குடுத்துடு. உனக்கு மேட்ச் எல்லாம் இருக்குமே," என்றார்.

டில்லி தன் தாளை நீட்டினான்.

வைதேகி கண்ணாடியைக் கழற்றி, போட்டு, மறுபடி படித்தார். "இதை எத்தனை மேட்சுக்குப் பண்ணினே?"

"ஒண்ணுதான் மேடம். சேனல்ல போன சீசன் இருபத்திரண்டு கீது... இருக்கு."

"நீ எண்ணினது மட்டும் செல்லாது. உனக்கு என்ன விடை வேணும்னு உனக்கே தெரியும். அதுல ஆடறவனும் நீயே. எதுக்கு எண்ணறோம்னே தெரியாத ஒருத்தர் தனியா உட்கார்ந்து எண்ணணும். ரெண்டு பேர் எண்ணினதும் ஒத்துப்போனாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்." அவர் தாளைத் திருப்பித் தந்தார். கொஞ்சம் தயங்கி, "மழையளவை வேற யாருக்காவது குடுத்துக்கறேன்," என்றார்.

கால்பந்து தெரிந்தவன் வேண்டும், பகலில் நேரம் உள்ளவன் வேண்டும், விஷயம் தெரியாதவன் வேண்டும். குப்பத்தில் அப்படி இருந்தவன் ராகேஷ் ஒருவன்தான்.

"சும்மாத்தானே கீறே. எனக்கு ஒரு வேலை செய்," என்றான் டில்லி. "கனகராஜ் சார் ஒரு ஆளப் பத்தி இன்னா சொன்னாலும் எழுது. மூளையப் பத்தி சொன்னா இந்தப் பத்தி. உடம்பப் பத்தி சொன்னா அந்தப் பத்தி. ரெண்டும் இல்லன்னா வுட்டுடு."

"எதுக்குண்ணே?"

"காலேஜுக்கு. அதுக்கு மேல கேக்காத."

ராகேஷ் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான். அலட்சியமாகத்தான் ஆரம்பித்தான். நான்காவது ஆட்டத்துக்குள் அவனுக்கு அது பிடித்துவிட்டது. சந்தேகம் வந்தால் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டான். 'வேட்டை நாய் மாதிரி மோப்பம் பிடித்தார்' என்பது மூளையா, உடம்பா என்று தனக்குத்தானே வாதம் செய்து, ஓரத்தில் கேள்விக்குறி போட்டு வைத்தான்.

ஒன்பதாவது ஆட்டம் முடிந்ததும் தாள்களோடு டில்லியிடம் வந்தான். முகம் வாடியிருந்தது.

"அண்ணே, நான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்."

"இன்னா தப்பு?"

"மூளைப் பக்கம் நம்ம ஆளுங்க பேரு ரொம்ப கம்மி. உன்னுது ஒண்ணு கீது. எபோ அண்ணனுது ஒண்ணுகூட இல்ல. நான்தான் கவனிக்காம வுட்டுட்டேன்னு ரெண்டு மேட்ச் முதல்லேர்ந்து கேட்டேன். அப்பவும் அப்டியேதான் கீது."

டில்லி தாள்களை வாங்கிப் பார்த்தான். அவனிடம் எதுவும் சொல்லக்கூடாது என்பது விதி. "நீ தப்பு பண்ணல. கேட்டத எழுது. கேக்காதத எழுதாத," என்று மட்டும் சொன்னான்.

ராகேஷ் மிச்சம் பதின்மூன்று ஆட்டங்களையும் கேட்டு முடித்தான். கடைசித் தாளைக் கொடுத்த அன்று அவன் உடனே போகவில்லை. வாசல் படியில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, மழைல கிரவுண்டு சேறாயிருந்த மேட்ச்சுல எபோ அண்ணன் எல்லாரையும் பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா எறக்கி நிறுத்தினாரு. எதிராளிங்க பந்து அடிக்க வழியே இல்ல. அது யோசனைதானே?"

"யோசனைதான்."

"அதுக்கு சிறுத்தைன்றாரு." பிறகு டில்லியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "நாளைக்கு ஸ்கூலுக்குப் போலாம்னு கீறேன். எச்.எம். உள்ள வுடுவாரா?"

மறுநாள் காலை காவேரியும் டில்லியும் அவனோடு போனார்கள். தலைமையாசிரியர் அரை மணி நேரம் நிற்க வைத்துத் திட்டினார். ஏழு வாரம் வராத பையனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டார். பிறகு, அரையாண்டுத் தேர்வு எழுதட்டும் பார்க்கலாம் என்று உள்ளே அனுப்பினார். ராகேஷ் அரையாண்டில் மூன்று பாடங்களில் தோற்றான். ஆனால் அதன் பிறகு ஒரு நாளும் மட்டம் போடவில்லை.

டில்லியும் அலமாரியின் மேல்தட்டிலிருந்து குறிப்புகளை இறக்கினான். தவறவிட்ட தேர்வுக்கு மறுதேர்வு கேட்டு எழுதிக் கொடுத்தான்.

இருவர் எண்ணியதும் பெரும்பாலும் ஒத்துப்போயிற்று. குப்பத்திலிருந்தும் சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்தும் வந்த ஆட்டக்காரர்கள், ஆப்பிரிக்க மாணவர்கள், இவர்களைப் பற்றி நானூற்றுப் பன்னிரண்டு பேச்சு. அதில் முந்நூற்று ஐம்பத்தொன்று உடம்பைப் பற்றியது. மற்றவர்களைப் பற்றி முந்நூற்று எண்பத்தெட்டு பேச்சு. உடம்பைப் பற்றியது நூற்று முப்பத்தொன்றுதான்.

மார்ச்சில் நடந்த வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மடக்கினார். "ஓரத்துல ஆடறவன் ஓடுவான். அவனை வேகம்னுதானே சொல்வாங்க? இது ஆடற இடத்தால வந்த வித்தியாசமா இருக்கலாமே?"

இந்தக் கேள்வியை வைதேகி ஜனவரியிலேயே கேட்டு, அவனை இரண்டு வாரம் தூங்க விடாமல் செய்திருந்தார். டில்லி அடுத்த பக்கத்தைத் திருப்பினான். "நடுவுல ஆடறவங்கள மட்டும் தனியா எடுத்துப் பாத்தேன் சார். வித்தியாசம் கொஞ்சம் குறையுது. ஆனா போகல." தேர்வாளர் அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு வேறு எதுவும் கேட்கவில்லை.

மதிப்பெண் வந்ததோடு விஷயம் முடிந்திருக்கலாம். எபோதான் விடவில்லை. "பேசினவருக்குக் காட்ட வேண்டாமா?" என்றான்.

தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இருந்தது கனகராஜின் அலுவலகம். டில்லியும் எபோவும் போனபோது கோதண்டபாணியும் தொற்றிக்கொண்டான். கனகராஜ் தாள்களைப் புரட்டப் புரட்ட முகம் சிவந்தது.

"தம்பி, நான் பாராட்டித்தானே பேசியிருக்கேன்? யாரையாவது ஒரு வார்த்தை மட்டமா சொல்லியிருக்கேனா? உன்னை ஆறு லட்சம் பேர் பார்த்தது என்னாலதானே?"

"இல்லேன்னு சொல்லல சார். நீங்க மட்டமாவும் சொல்லல," என்றான் டில்லி. போனை எடுத்து ஒரு துண்டைப் போட்டான். போன சீசன் அரையிறுதி, அவன் போட்ட கோல். கனகராஜின் குரல் சிறிய அறையில் முழங்கியது: 'கடல் காற்றில் வளர்ந்த கால்! மீனவ ரத்தம்! இதையெல்லாம் யாரும் சொல்லித்தர முடியாது!'

"அந்த கோல்கீப்பர் வெளிய வர்றப்ப எப்பவும் இடது கால முன்னாடி வெப்பாரு. அவர் ஆடின மூணு மேட்ச் பாத்து எழுதி வெச்சேன். அதனாலதான் அந்தப் பக்கம் அடிச்சேன். அது கடல்காத்து இல்ல சார். நான் படகுல ஏறினா வாந்தி எடுப்பேன்."

கோதண்டபாணி குறுக்கே புகுந்தான். "சார், என்னைக் கணக்குப் புலின்னு சொல்றேளே, மேத்ஸ்ல எனக்கு நாலு அரியர் இருக்கு. எங்காத்துல உங்க வர்ணனையைக் கேட்டுண்டு அப்பா விழுந்து விழுந்து சிரிக்கறார். நானும் ஒவ்வொரு மேட்சும் ஓடி ஓடி நாக்குத் தள்ளறது. ஒரு தடவையாவது நன்னா ஓடறான்னு சொல்லப்படாதா?"

எபோ சிரித்துவிட்டான். கனகராஜுக்கும் உதடு கோணியது, ஆனால் சிரிக்கவில்லை. அந்தத் துண்டை மறுபடி போடச் சொன்னார். மூன்றாம் முறையும் போடச் சொன்னார். தன் குரலையே அவர் யாரோ ஒருவருடைய குரல் மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார்.

"நானா யோசிச்சு இப்படிப் பேசல தம்பி," என்றார் கடைசியில். "வாய்ல வருது. நான் கேட்டு வளர்ந்த வர்ணனையெல்லாம் இப்படித்தான்."

"அதான் சார்," என்றான் டில்லி. "எங்க குப்பத்துல ஒரு பையன் உங்களக் கேட்டு வளர்றான்."

கனகராஜ் தாள்களைத் திருப்பித் தரவில்லை. வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். இரண்டு வாரம் கழித்து சேனலில் இன்னொரு வீடியோ வந்தது. வலை இல்லை, படகு இல்லை. டில்லி கல்லூரி மேசையில் உட்கார்ந்து அந்த கோலைப் படம் வரைந்து விளக்கினான். எபோ கரையில் கம்பு நட்டு, கடல் வரும் கணக்கைச் சொன்னான். பழைய வீடியோவின் தலைப்பும் மாறியிருந்தது.

"அத்த ஆறு லட்சம் பேர் பாத்தாங்க. இத்த நாப்பதாயிரம்தான்," என்று ராகேஷ் குறைப்பட்டுக்கொண்டான்.

"நாப்பதாயிரம்னா அடையாறு கிரவுண்டு எத்தினி தடவ ரொம்பும்னு கணக்குப் போட்டுப் பாரு," என்றான் டில்லி.

கனகராஜ் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஏப்ரலில் ஓர் ஆட்டத்தில் எபோவைச் சிறுத்தை என்று சொல்ல வாயெடுத்து, 'சி...' என்று இழுத்து, 'சிந்தித்து நிற்கிறார்' என்று முடித்தார். மைதானத்து ஓரத்தில் போனில் கேட்டுக்கொண்டிருந்த பையன்கள் விசிலடித்தார்கள். அடுத்த பத்தாவது நிமிடத்தில் கோதண்டபாணி நன்றாக ஓடுவதாக ஒரு வார்த்தை சொன்னார்.

எம்.எஸ்ஸி. சேர்க்கைப் பட்டியல் ஜூன் கடைசியில் ஒரு காலை வந்தது. அடையாறு பஸ் நிறுத்தத்தில் நின்றபடி டில்லி அதைப் போனில் பார்த்தான். பதினேழாவது பெயர் அவனுடையது. ஒரு பஸ்ஸை விட்டான், இரண்டாவதையும் விட்டான். பிறகு பெசன்ட் நகருக்கே திரும்பி நடந்தான்.

ரத்னா வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே இரண்டு வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள்.

"அம்மா, எம்.எஸ்ஸி. கெடச்சிடுச்சி."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கையைத் துடைத்துக்கொள்ளாமலே அவன் கன்னத்தைப் பிடித்தாள். மீன் செதில் ஒன்று தாடையில் ஒட்டிக்கொண்டது.

"மெய்யாலுமாடா?"

"மெய்யாலும்மா. ரெண்டு வருஷம்."

"அதுல இன்னா சொல்லித் தருவாங்க?"

"எண்றதுக்கும்மா. சரியா எண்றதுக்கு."

ரத்னா அதைக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தாள். "அப்ப ஞாயித்துக்கெழம மேட்சு?"

"அதுவும் உண்டும்மா."

"அப்படிச் சொல்லு," என்றாள் அவள். வாடிக்கையாளர்கள் பக்கம் திரும்பி, அவர்கள் கேட்காமலே, தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னாள். "எம்புள்ள எம்.எஸ்ஸி. படிக்கப் போறான். ஸ்டாட்டிஸ்டிஸ்!"

டில்லி அவளைத் திருத்தவில்லை. நறுக்கிய துண்டுகளைப் பையில் போட்டு, காத்திருந்த அம்மாளிடம் நீட்டினான்.